அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களில் பாலினப் பாத்திரங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களில் பாலினப் பாத்திரங்கள் என்னும் இக்கட்டுரை, 1940கள் முதல் 1970களின் இறுதி வரை ஐக்கிய அமெரிக்காவில் ஒளிபரப்பான வணிக விளம்பரங்கள் ஆண்களையும் பெண்களையும் எவ்வாறு காட்டின என்பதையும், அவற்றில் இருந்த பால் பாகுபாடு எவ்வாறு ஆராயப்பட்டது, எதிர்க்கப்பட்டது என்பதையும் விளக்குகிறது. பாலினப் பாத்திரம் என்பது ஆணுக்கு உரியது, பெண்ணுக்கு உரியது என்று ஒரு சமூகம் வகுத்து வைத்திருக்கும் வேலை, நடத்தை, இயல்பு ஆகியவற்றின் தொகுப்பு ஆகும்.

இக்கால விளம்பரங்களில் பெண்கள் குறைவாகக் காட்டப்படவில்லை. வீட்டுப் பொருட்களுக்கான விளம்பரங்களில் அவர்களே பெரும்பாலும் திரையில் தோன்றினர். ஆனால் பொருளைப் பயன்படுத்துபவராகப் பெண்ணும், அதைப் பற்றி அறிந்தவராகவும் தீர்ப்புச் சொல்பவராகவும் ஆணும் காட்டப்பட்டனர். படம் பெண்ணுடையதாகவும் குரல் ஆணுடையதாகவும் இருந்த இந்தப் பிரிவினையே பின்னர் நடந்த ஆய்வுகளின் முக்கியக் கண்டுபிடிப்பாக அமைந்தது.

பின்னணி

அமெரிக்காவில் முறையான உரிமத்துடன் ஒளிபரப்பான முதல் தொலைக்காட்சி விளம்பரம் 1941 சூலை 1 அன்று நியூயார்க்கின் டபிள்யூ.என்.பி.டி. நிலையத்தில் வெளியானது. புலோவா கைக்கடிகார நிறுவனத்தின் அவ்விளம்பரத்துக்கு ஆன செலவு சுமார் 9 டாலர். அதில் அமெரிக்க நிலப்படத்தின் மீது ஒரு கடிகார முகம் மட்டுமே காட்டப்பட்டது; மனிதர் எவரும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே தொலைக்காட்சி வேகமாகப் பரவியது. 1950இல் அமெரிக்க வீடுகளில் சுமார் 9 விழுக்காட்டில் மட்டுமே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1960இல் இது 87 விழுக்காடாக உயர்ந்தது.

பகல்நேர நிகழ்ச்சிகள் வீட்டில் இருக்கும் பெண்களைக் கருத்தில் கொண்டு அமைக்கப்பட்டன. இவ்வழக்கம் வானொலியிலிருந்து வந்ததாகும். 1930களில் புராக்டர் அண்டு கேம்பிள் போன்ற சவர்க்கார நிறுவனங்கள் வானொலித் தொடர் நாடகங்களுக்குப் பொருளுதவி செய்து தம் பொருட்களை விளம்பரப்படுத்தின. இதனாலேயே அத்தொடர்கள் "சோப்பு நாடகம்" என்று பெயர் பெற்றன. 1937இல் வானொலியில் தொடங்கிய "கைடிங் லைட்" என்னும் தொடர் 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து 2009 வரை நீடித்தது.

வீட்டுக்குத் தேவையான பொருட்களைத் தெரிவு செய்பவர் இல்லத்தரசியே என்பது விளம்பரத் தொழிலின் அடிப்படைக் கணிப்பாக இருந்தது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டர் போன்றோர், வாங்குபவரின் மனத்தில் மறைந்திருக்கும் ஆசைகளையும் அச்சங்களையும் ஆராய்ந்து நிறுவனங்களுக்கு அறிவுரை வழங்கினர். வீட்டு வேலை வெறும் உடலுழைப்பு அன்று, திறமை தேவைப்படும் ஒரு தொழில் என்று பெண் உணர வேண்டும். அதற்காக ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பொருள் விற்கப்படலாம் என்பது இவ்வகை அறிவுரைகளுள் ஒன்று.

விளம்பரங்களின் கால அளவும் ஒரு காரணம் ஆகும். 1950களில் ஒரே நிறுவனம் ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஏற்று நடத்துவது வழக்கமாக இருந்தது. பின்னர் 60 நொடி விளம்பரங்களும், 1970களின் தொடக்கத்திலிருந்து 30 நொடி விளம்பரங்களும் பெருகின. இவ்வளவு குறுகிய நேரத்தில் ஒரு கதையைச் சொல்ல, பார்த்தவுடன் அடையாளம் காணத்தக்க மாந்தர்கள் தேவைப்பட்டனர். குறை சொல்லும் கணவன், கலங்கும் மனைவி, அனுபவம் மிக்க அண்டை வீட்டுப் பெண், வெள்ளை மேலங்கி அணிந்த வல்லுநர் ஆகியோர் இவ்வாறு நிலைபெற்றனர்.

வழமையான சித்தரிப்புகள்

வீடும் வெட்கமும்

வீட்டுப் பொருட்களுக்கான விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரே கதையமைப்பு காணப்பட்டது. வீட்டில் ஒரு குறை தென்படும். பிறர் அதைச் சுட்டிக்காட்டுவர். பெண் வெட்கப்படுவார். ஒருவர் பொருளை அறிமுகம் செய்வார். முடிவில் பெண் பாராட்டப் பெறுவார்.

போல்ஜர்ஸ் காப்பி விளம்பரங்களில் மனைவி தயாரித்த காப்பி நன்றாக இல்லை என்று கணவன் குறை கூறுவான். 1960களின் நடுப்பகுதியிலிருந்து இவ்விளம்பரங்களில் திருமதி ஓல்சன் என்னும் அண்டை வீட்டுப் பெண்ணாக வெர்ஜீனியா கிறிஸ்டீன் நடித்தார். மணவாழ்வில் தோன்றிய மனத்தாங்கலை அவர் போல்ஜர்ஸ் காப்பியால் தீர்த்து வைப்பார்.

1968இல் தொடங்கிய விஸ்க் சலவைத் திரவத்தின் விளம்பரங்கள் இவ்வமைப்புக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். கணவனின் சட்டைக் கழுத்துப்பட்டையில் அழுக்கு வளையம் இருப்பதைப் பிறர் ஏளனமாகக் கூறுவர். அழுக்கு கணவனின் கழுத்திலிருந்து வந்ததாயினும், முகம் சுளித்து வெட்கப்படுபவர் மனைவியே. கழுத்தைக் கழுவாதது கணவனின் குறை என்று எவரும் கருதாதது பெண்ணியவாதிகளின் கண்டனத்துக்கு உள்ளானது. ஆயினும் இவ்விளம்பர வரிசை சுமார் 20 ஆண்டுகள் நீடித்தது.

பாமாலிவ் பாத்திரம் துலக்கும் திரவத்தின் விளம்பரங்களில் 1966 முதல் 1992 வரை ஜேன் மைனர் என்னும் நடிகை, நக ஒப்பனை நிலையத்தில் பணிபுரியும் மேட்ஜ் என்னும் பாத்திரத்தில் நடித்தார். பாத்திரம் துலக்கிக் கரடுமுரடான கைகளை அவர் கண்டித்து, அத்திரவத்தையே பரிந்துரைப்பார். துலக்கும் வேலை பெண்ணுடையது என்பதோடு, துலக்கிய தடயம் கைகளில் தெரியக்கூடாது என்பதும் இதில் அடங்கியிருந்தது.

ஆணின் அதிகாரம்

வீட்டு வேலையைப் பெண் செய்தாலும் அதைப் பற்றிய அறிவு ஆணிடம் இருப்பதாகவே காட்டப்பட்டது. 1958இல் அறிமுகமான மிஸ்டர் கிளீன் என்னும் தூய்மைத் திரவத்தின் சின்னம் திடகாத்திரமான ஓர் ஆண். சார்மின் மெல்லிழைத்தாள் விளம்பரங்களில் 1964 முதல் 1985 வரை டிக் வில்சன் திரு. விப்பிள் என்னும் கடைக்காரராக நடித்தார். அவர் தாள் உருளைகளை அழுத்திப் பார்க்கும் பெண் வாடிக்கையாளர்களைச் சிறுமிகளைப் போலக் கண்டிப்பார். யாரும் பார்க்காதபோது தாமும் அதையே செய்வார்.

விதிவிலக்குகளும் இருந்தன. காமெட் தூய்மைத்தூள் விளம்பரங்களில் 1963 முதல் 1974 வரை ஜேன் விதர்ஸ் குழாய் செப்பனிடும் தொழிலாளியான ஜோசபினாக நடித்தார். அக்காலத்தில் ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட ஒரு தொழிலைப் பெண் செய்வதாக இது காட்டியது. எனினும் அவரும் பிற பெண்களுக்குக் கழுவுதொட்டியைத் தூய்மை செய்யவே கற்றுக்கொடுத்தார்.

உதவி தேவைப்படும் பெண், கவரும் ஆண்

மகிழுந்து தொடர்பான விளம்பரங்களில் பெண் பெரும்பாலும் உதவியற்றவராகக் காட்டப்பட்டார். 1960களில் வெளியான குட்இயர் வட்டகை விளம்பரம் ஒன்றில், இரவில் தனியே வண்டி ஓட்டும் பெண்ணின் சக்கரத்தில் காற்று இறங்கிவிடும். துணைக்கு ஆண் இல்லாதபோது அந்த இடத்தை வட்டகை நிரப்ப வேண்டும் என்பதே அதன் செய்தி.

ஆண்மையும் விற்பனைப் பொருளாயிற்று. மார்ல்பரோ 1920களில் பெண்களுக்கான சிகரெட்டாக விற்கப்பட்டது. 1950களின் நடுப்பகுதியில் லியோ பர்னெட் விளம்பர நிறுவனம் முரட்டு ஆண்களின் உருவங்களைக் கொண்டு அதை ஆண்களின் சிகரெட்டாக மாற்றியது. இவற்றுள் மாட்டிடையரின் உருவமே நிலைத்தது. சிகரெட்டைச் சுற்றிய பாலினப் படிமம் இவ்வாறு மாறியது. 1967இல் வந்த ஹை கராத்தே என்னும் முகச்சவர நறுமணத் திரவத்தின் விளம்பரங்கள், தன்மேல் பாயும் பெண்களை ஆண் கராத்தே அடிகளால் விலக்குவதாக நகைச்சுவையாகக் காட்டின.

விமானப் பணிப்பெண்கள்

விமான நிறுவனங்களின் விளம்பரங்கள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. 1978இல் கட்டுப்பாடு நீக்கப்படும் வரை அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையிலான விமானக் கட்டணங்களை அரசே ஒழுங்குபடுத்தியது. கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட இயலாத நிறுவனங்கள் உபசரிப்பைக் காட்டிப் பயணிகளை ஈர்க்க முயன்றன. அக்காலத்தில் வணிகப் பயணிகள் பெரும்பாலும் ஆண்களாக இருந்ததால் பணிப்பெண்ணின் தோற்றமே விளம்பரமாயிற்று. 1960களின் நடுப்பகுதியில் பிரானிப் நிறுவனம், பணிப்பெண் தம் சீருடையின் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் களைவதாக விளம்பரம் செய்தது. 1971இல் நேசனல் ஏர்லைன்சு நிறுவனத்தின் விளம்பரங்களில் பணிப்பெண் தம் பெயரைக் கூறி, தம்மில் ஏறிப் பறக்குமாறு இருபொருள்பட அழைத்தார்.

இச்சித்தரிப்பு பணி விதிகளோடு நேரடியாகத் தொடர்புடையது. பல நிறுவனங்களில் பணிப்பெண்கள் திருமணம் செய்துகொண்டாலோ முப்பதுகளின் தொடக்கத்தை எட்டினாலோ வேலையை இழந்தனர். 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைச் சட்டத்தின் துணையுடன் அவர்கள் போராடியதன் விளைவாக 1960களின் இறுதியிலிருந்து இவ்விதிகள் வீழ்ந்தன. விதிகள் வீழ்ந்த பின்னரும் விளம்பரங்கள் அதே உருவத்தையே விற்றன. 1972இல் பணிப்பெண்கள் தமக்கெனத் தனியே ஒரு பெண்ணுரிமை அமைப்பை நிறுவிக்கொண்டனர்.

சிறுவர் விளம்பரங்கள்

விளையாட்டுப் பொருள் விளம்பரங்கள் வருங்காலப் பாத்திரங்களைச் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்தன. 1959இல் வெளிவந்த பார்பி பொம்மையின் தொலைக்காட்சி விளம்பரத்தில் பல்வேறு உடைகளோடு மணப்பெண் உடையணிந்த பொம்மையும் காட்டப்பட்டது. 1963இல் வந்த ஈசி-பேக் என்னும் சிறு அடுப்பு சிறுமிகளுக்கான பொருளாக விளம்பரப்படுத்தப்பட்டது. 1964இல் ஆசுப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரன் உருவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, சிறுவர்கள் வாங்கத் தயங்குவர் என்று கருதிப் "பொம்மை" என்னும் சொல்லையே தவிர்த்தது.

விளம்பரத் தொழிலில் பெண்கள்

இவ்விளம்பரங்கள் யாவும் ஆண்களால் மட்டுமே உருவாக்கப்பட்டன என்று கூறுவது தவறாகும்.

நடிகை பெட்டி பர்னஸ் 1949 முதல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் குளிர்பதனப் பெட்டிகளைத் தொலைக்காட்சியில் நேரடியாக விளக்கினார். 1952இல் ஒளிபரப்பான அரசியல் கட்சி மாநாடுகளின் இடையே தோன்றி நாடறிந்தவரானார். 1967இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இவரை நுகர்வோர் விவகாரங்களுக்கான சிறப்பு உதவியாளராக நியமித்தார். மேரி வெல்ஸ் 1966இல் சொந்தமாக ஒரு விளம்பர நிறுவனத்தைத் தொடங்கி அத்தொழிலின் முன்னணியாளர்களுள் ஒருவரானார். மேலே குறிப்பிட்ட பிரானிப் விளம்பரங்கள் இவருடைய பொறுப்பில் உருவானவை. எனவே உருவாக்குபவரின் பால் மாறினால் சித்தரிப்பும் தானே மாறிவிடும் என்று கொள்ள இயலாது.

மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் லோரியல் தலைமுடிச் சாயத்துக்கு விளம்பரம் எழுதும் பொறுப்பு இலோன் ஸ்பெக்ட் என்னும் 23 வயது எழுத்தாளரிடம் வந்தது. ஆணின் பார்வைக்காகப் பெண் அழகுபடுத்திக்கொள்கிறாள் என்னும் வழமையான கருத்தை மறுத்து, விலை கூடுதலான பொருளைத் தான் ஏன் தெரிவு செய்கிறாள் என்பதைப் பெண்ணே தன் குரலில் கூறுமாறு அவர் எழுதினார். அதற்குத் தான் தகுதியானவள் என்பதே அப்பெண் கூறும் காரணம்.

உள்ளடக்க ஆய்வுகள்

1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் விளம்பரங்களைப் பதிவு செய்து, தோன்றுபவர், பேசுபவர், இடம், தொழில் ஆகியவற்றை எண்ணிக் கணக்கிடத் தொடங்கினர். இம்முறை உள்ளடக்கப் பகுப்பாய்வு எனப்படும். அதுவரை தனிமனித எரிச்சலாகக் கருதப்பட்ட ஒன்று இதனால் சரிபார்க்கத்தக்க சான்றாக மாறியது.

* டொமினிக், ராச் (1972): தேசிய ஒளிபரப்புகளில் வந்த ஏறத்தாழ ஆயிரம் விளம்பரங்கள் ஆராயப்பட்டன. பின்னணிக் குரல்களில் 87 விழுக்காடு ஆண் குரல். 6 விழுக்காடு மட்டுமே பெண் குரல். பெண்கள் தோன்றிய விளம்பரங்களில் 75 விழுக்காடு சமையலறை, குளியலறைப் பொருட்களுக்கானவை. ஆண்கள் 43 வகைத் தொழில்களிலும் பெண்கள் 18 வகைத் தொழில்களிலும் காட்டப்பட்டனர்.
* தேசியப் பெண்கள் அமைப்பின் நியூயார்க் கிளை (1972): 1,241 விளம்பரங்கள் கணக்கிடப்பட்டன. பெண்கள் 42.6 விழுக்காட்டு விளம்பரங்களில் வீட்டு வேலை செய்பவராகவும், 37.5 விழுக்காட்டில் ஆண்களுக்கு வீட்டுத் துணையாகவும், 16.7 விழுக்காட்டில் பாலியல் கவர்ச்சிப் பொருளாகவும் காட்டப்பட்டனர்.
* மெக்கார்தர், ரெஸ்கோ (1975): முதன்மைப் பாத்திரங்களாக வந்த ஆண்களில் 70 விழுக்காட்டினர் பொருளைப் பற்றிய அறிவுடையவராகக் காட்டப்பட்டனர். பெண்களில் 86 விழுக்காட்டினர் பொருளைப் பயன்படுத்துபவராக மட்டுமே காட்டப்பட்டனர்.

இதே காலத்தில் பெண்களின் உண்மை வாழ்க்கை மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பெண்களில் வேலையில் இருந்தோர் அல்லது வேலை தேடியோர் 1950இல் சுமார் 34 விழுக்காடு. 1970இல் 43 விழுக்காடு. 1980இல் 51 விழுக்காட்டுக்கும் மேல். விளம்பரங்கள் இம்மாற்றத்தை மிகத் தாமதமாகவே பின்தொடர்ந்தன.

எதிர்ப்பும் சட்ட நடவடிக்கையும்

பெட்டி பிரீடன் 1963இல் வெளியிட்ட "தி பெமினைன் மிஸ்டீக்" என்னும் நூலில், இல்லத்தரசிகளின் வெறுமை உணர்வை விற்பனைக்குப் பயன்படுத்தும் விளம்பர ஆய்வுகளை ஒரு தனி அத்தியாயத்தில் விமர்சித்தார். அவர் உள்ளிட்டோர் 1966இல் தேசியப் பெண்கள் அமைப்பை நிறுவினர். பெண்கள் வாக்குரிமை பெற்றதன் 50ஆம் ஆண்டு நிறைவான 1970 ஆகத்து 26 அன்று நடந்த நாடு தழுவிய போராட்டத்தின்போது, ஐவரி பாத்திரத் திரவம், சில்வா தின்ஸ் சிகரெட் உள்ளிட்ட சில பொருட்களை வாங்காமல் புறக்கணிக்குமாறு இவ்வமைப்பு அழைப்பு விடுத்தது. வாங்குபவர் பெண் என்பதே விளம்பரத் தொழிலின் கணிப்பாகையால், வாங்க மறுப்பது பொருத்தமான ஆயுதமாக அமைந்தது.

அமெரிக்காவில் ஒளிபரப்பு நிலையங்கள் பொதுநலனுக்காக இயங்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் உரிமம் பெறுகின்றன. இதன் அடிப்படையில் 1972இல் நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி., வாசிங்டனின் டபிள்யூ.ஆர்.சி. ஆகிய நிலையங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கக்கூடாது என்று இவ்வமைப்பு மனுச் செய்தது. பெண்களைப் பற்றிய சித்தரிப்பும் நிலையங்களின் வேலைவாய்ப்பு முறையும் மனுக்களில் இடம்பெற்றன. ஆணையம் 1975இல் மனுக்களை நிராகரித்தது. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது.

வழக்கு தோற்றபோதிலும் விவாதம் விளம்பரத் தொழிலுக்குள் சென்றது. அத்தொழிலின் தற்கட்டுப்பாட்டு அமைப்பான தேசிய விளம்பர மீளாய்வு வாரியம் 1975இல் பெண்களின் சித்தரிப்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. விளம்பரம் உருவாக்குவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களின் பட்டியல் அதில் இடம்பெற்றது.

விடுதலையை விற்ற விளம்பரங்கள்

பெண் விடுதலைக் கருத்துகளை விளம்பரங்கள் தமக்கே உரிய முறையில் ஏற்றுக்கொண்டன. 1968இல் பிலிப் மாரிஸ் நிறுவனம் வெர்ஜீனியா சிலிம்ஸ் என்னும் சிகரெட்டைப் பெண்களுக்கென அறிமுகம் செய்தது. ஒளிந்து புகைத்த பழங்காலப் பெண்களையும் வெளிப்படையாகப் புகைக்கும் புதுப் பெண்ணையும் ஒப்பிட்டு, பெண்கள் நெடுந்தூரம் முன்னேறிவிட்டனர் என்று அதன் விளம்பரம் கூறியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் 1971 சனவரி 2 முதல் தடை செய்யப்பட்டது. முந்தைய நாள் இரவு கடைசியாக ஒளிபரப்பானது இச்சிகரெட்டின் விளம்பரமே.

1973இல் ரெவ்லான் நிறுவனத்தின் சார்லி நறுமணப் பொருள் விளம்பரங்கள், காற்சட்டை அணிந்து தன்னம்பிக்கையுடன் தனியே நடக்கும் பெண்ணைக் காட்டின. 1970களின் இறுதியில் வந்த என்சோலி நறுமணப் பொருளின் விளம்பரத்தில் ஒரே பெண் அலுவலகம் சென்று பொருளீட்டி, வீடு திரும்பிச் சமைத்து, கணவனையும் மகிழ்விக்கிறாள். பெண்ணின் பழைய வேலைகளில் ஒன்றும் குறையாமல் புதிய வேலை கூடியது என்பதால், இது இரட்டைச் சுமையின் சின்னமாக விமர்சிக்கப்பட்டது.

விளைவுகள் பற்றிய விவாதம்

விளம்பரம் சமூகத்தின் கண்ணாடி மட்டுமே, அது எதையும் உருவாக்குவதில்லை என்பது விளம்பரத் தொழிலினரின் வாதமாக இருந்தது. பெரும்பாலான பெண்கள் வீட்டு வேலையைச் செய்ததால் அதைக் காட்டியதில் பிழையில்லை என்றும், இவ்விளம்பரங்கள் பொருளை விற்றன என்றும் அவர்கள் கூறினர்.

இவ்வாதத்தைச் சோதித்த ஆய்வுகளுள் ஜென்னிங்ஸ், கைஸ், பிரவுன் ஆகியோர் 1980இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. ஒரு பிரிவு மாணவிகளுக்கு அக்கால விளம்பரங்களைப் போன்றே நடிக்கப்பட்ட காட்சிகளும், மற்றொரு பிரிவினருக்கு ஆண், பெண் பாத்திரங்களை இடம் மாற்றிய அதே காட்சிகளும் காட்டப்பட்டன. இடம் மாற்றிய காட்சிகளைப் பார்த்தவர்கள், பிறரின் கருத்துக்கு உடன்படாமல் தம் முடிவில் கூடுதலாக நிலைத்து நின்றனர். முன்னேற்பாடின்றிப் பேசுமாறு கேட்டபோது கூடுதல் தன்னம்பிக்கையுடன் பேசினர். இது ஆய்வுக்கூடத்தில் பெறப்பட்ட குறுகிய கால விளைவே ஆயினும், விளம்பரம் வெறும் கண்ணாடி என்னும் வாதத்தை ஐயத்துக்கு உள்ளாக்கியது.

இவ்விளம்பரங்களில் தோன்றிய குடும்பங்கள் பெரும்பாலும் வெள்ளையின நடுத்தரக் குடும்பங்கள். மற்றவர் வீட்டில் கூலிக்கு வேலை செய்த கறுப்பினப் பெண்களும், என்றுமே இல்லத்தரசியாக மட்டும் இருக்க இயலாத தொழிலாளர் குடும்பப் பெண்களும் அவற்றில் அரிதாகவே இடம்பெற்றனர். ஆகவே கண்ணாடி என்ற அளவிலும் அவை முழுமையானவை அல்ல.

பிற நாடுகளில் விதிகள்

அமெரிக்காவில் தொடங்கிய இவ்விவாதம் பின்னர் வேறு நாடுகளில் வெளிப்படையான விதிகளாக வடிவம் பெற்றது. பிரித்தானியாவில் தீங்கு விளைவிக்கும் பாலின மாறாப் படிமங்களை விளம்பரங்களில் தடை செய்யும் விதி 2019 சூனில் நடைமுறைக்கு வந்தது. அவ்விதியின்கீழ் முதலில் தடை செய்யப்பட்ட விளம்பரங்களுள் ஒன்று, குழந்தையைக் கவனிக்கத் தெரியாதவர்களாகத் தந்தையரைக் காட்டியது. இப்படிமங்கள் ஆண்களையும் பாதிக்கின்றன என்பதை இது ஏற்றுக்கொண்டது. இந்திய விளம்பரத் தரக் கழகம் இதே பொருளில் 2022 சூனில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

பழைய விளம்பரங்களைப் படித்தல்

இவ்விளம்பரங்கள் வரலாற்றுச் சான்றுகளாக வகுப்பறைகளிலும் பயன்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்தும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பழைய விளம்பரங்கள் என்று பரவும் பல படங்கள் இதழ்களில் அச்சானவை. அவற்றைத் தொலைக்காட்சி விளம்பரங்களோடு கலத்தல் கூடாது. இரண்டாவது, இன்று நகைப்புக்கு இடமாகத் தோன்றும் காட்சிகளே மிகவும் பரவுகின்றன. வெளிப்படையான இழிவைக் கண்டுகொள்வது எளிது. ஆனால் அமைதியான காட்சியொன்றின் பின்னால் ஒலிக்கும் குரல் யாருடையது, பொருளைப் பற்றி அறிந்தவர் யார், வெட்கப்படுபவர் யார் என்னும் வினாக்களே 1970களின் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டன. எக்காலத்து விளம்பரத்தையும் ஆராய இவ்வினாக்கள் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* விளம்பரம்
* பெண்ணியம்
* தொலைக்காட்சி
* உள்ளடக்கப் பகுப்பாய்வு